தேர்தலுக்கு முன்பே பேசியிருக்க வேண்டியது: ஸ்பெயினும் திருவிதாங்கூரும்

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் ‘ஸ்பெயின் மக்களாட்சிக்கு வந்த வழி’ என்று அச்சாகியிருக்கிறது. தலைப்பைக் கொடுத்தவன் நான்தான். ஸ்பெயினைப் பற்றிக் கட்டாயம் பேசுவேன். ஆனால் திருவனந்தபுரத்தில், அதுவும் தமிழர்கள் கூடியிருக்கும் அவையில், ஓர் அரண்மனை, எதிர்ப்பேச்சு பொறுக்காத ஓர் ஆட்சியாளர், தடைசெய்யப்பட்ட கட்சிகள், பிறகு ஒரு தேர்தல் என்று கதை சொல்ல ஆரம்பித்தால், கேட்பவர் மனம் மாட்ரிட்டுக்கா போகும்? கவடியாருக்கும் தைக்காட்டுக்கும்தான் போகும். போகட்டும். இரண்டையும் சேர்த்தே பேசுவதென்றுதான் வந்திருக்கிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுப்பவர்கள் மறுப்பைத் தயார் செய்துகொள்ள வசதியாக இருக்கும். ஒரு நாடு எந்தத் தேதியில் வாக்களித்தது என்பதைவிட, வாக்களிப்பதற்கு முன்னும் சட்டம் எழுதுவதற்கு முன்னும் யார் யாரோடு உட்கார்ந்து எதைப் பேசி முடித்தார்கள் என்பதே அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. ஸ்பெயின்காரர்கள் சிலவற்றைப் பேசினார்கள், சிலவற்றை வேண்டுமென்றே பேசாமல் விட்டார்கள். திருவிதாங்கூரில் பேச வேண்டிய முக்கியமான ஒன்றைப் பேசவே இல்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் நம்மவர்கள்.

1938-லிருந்து தொடங்குகிறேன். இரண்டு கதைகளும் அந்த ஆண்டில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஜவாஹர்லால் நேரு பார்சலோனாவில் இருந்தார். உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டாண்டு ஆகப்போகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசு அரசாங்கம் மாட்ரிட்டிலிருந்து வலென்சியாவுக்கும், அங்கிருந்து பார்சலோனாவுக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவுக்கு உதவியாக முசோலினியின் விமானங்கள் இரவில் வந்து குண்டு போடுகின்றன. விளக்கணைந்த அந்த நகரத்தில் நேரு தங்கினார், போர்முனைக்குப் போய்க் குடியரசுப் படைத் தளபதி லிஸ்தரைச் சந்தித்தார். அந்தப் பயணத்தில் கூடவே போனவர் வி.கே. கிருஷ்ண மேனன். முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1971-ல், அதே கிருஷ்ண மேனனை இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக மக்களவைக்கு அனுப்பியது இந்தத் திருவனந்தபுரம் தொகுதிதான். அப்போது இங்கே அவருக்கு வாக்களித்தவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய பார்சலோனா பயணம் தெரிந்திருக்கும்! மேனன் 1974 அக்டோபரில் காலமானார். பிராங்கோ அவருக்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்தார்.

நேரு பார்சலோனாவுக்குப் போவதற்குச் சற்று முன், 1938 மே 30 அன்று, இங்கே திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் மன்னர் சித்திரைத் திருநாளிடம் ஒரு மனு கொடுத்தது. ஸ்டேட் காங்கிரஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தொடங்கப்பட்டிருந்தது. பட்டம் தாணு பிள்ளை, டி.எம். வர்கீஸ், சி. கேசவன் ஆகியோர் அதன் முன்வரிசைத் தலைவர்கள். பொறுப்பாட்சி வேண்டும், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரை நீக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். திவானைப் பற்றிக் கடுமையான தனிப்பட்ட குற்றச்சாட்டுகளும் அதில் இருந்தன. ஆகஸ்ட் 26-ல் சட்டமறுப்பு தொடங்கியது. ஆகஸ்ட் 31-ல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு. அக்டோபர் 23 அன்று அக்கம்மா செறியான் தலைமையில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனையை நோக்கி ஊர்வலம் போனது. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்துக்கு வந்த பெண் அவர். சுடுவதானால் முதலில் என்னைச் சுடு என்று பட்டாளத் தலைவரிடம் அவர் சொன்னதாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வெள்ளயம்பலத்தில் அவர் சிலை நிற்கிறது. தினமும் அதைச் சுற்றித்தான் போகிறோம்.

ஊர்வலம் வென்றது, தலைவர்கள் விடுதலையானார்கள். ஆனால் அந்த டிசம்பரிலேயே காந்தியடிகளின் யோசனைப்படி ஸ்டேட் காங்கிரஸ் அந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இளைஞர்களுக்கு இது பொறுக்கவில்லை. யூத் லீக்காரர்கள் பலர் இடப்பக்கம் நகர்ந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் பிறகு கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். கேரளத்தில் 1957-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததற்கு விதை எங்கே என்று தேடுபவர்கள் இந்த டிசம்பரையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

இனி சி.பி. அவரை இந்த அவையில் எப்படிப் பேசுவது என்பது சங்கடமான காரியம். அவர் தமிழர். அன்னி பெசன்ட்டோடு ஹோம் ரூல் இயக்கத்தில் பாடுபட்டவர், சென்னை வக்கீல் உலகில் கொடிகட்டிப் பறந்தவர். 1936 அக்டோபரில் திவானானார். அடுத்த மாதமே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1937-ல் பல்கலைக்கழகம். 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம். உத்யோகமண்டலில் உரத் தொழிற்சாலை. 1944-ல் மரண தண்டனையைத் திருவிதாங்கூர் ரத்து செய்தது. இவ்வளவையும் செய்த அதே கை பத்திரிகைகளை மூடியது, தலைவர்களைச் சிறையில் போட்டது, சுடச் சொல்லியும் கையெழுத்திட்டது.

சி.பி.யைப் பிராங்கோவோடு ஒரே தட்டில் நிறுத்துவது அநியாயம். பிராங்கோ மூன்றாண்டு உள்நாட்டுப் போரின் பிணக்குவியல் மேல் ஏறி வந்தவர். போர் முடிந்த பிறகும் பல்லாயிரக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றவர். ஒற்றுமை இருப்பது ஒரே இடத்தில்தான்: வளர்ச்சியைக் கொடுத்தால் வாக்குரிமையைக் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். ஸ்பெயினில் 1959-ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். கடற்கரைகளுக்கு வடக்கு ஐரோப்பியர் வந்து குவிந்தார்கள், நடுத்தரக் குடும்பங்கள் சின்னக் கார் வாங்கின. ஆட்சியோ இருந்த இடத்தில் இருந்தது. நாடாளுமன்றம் என்ற பெயரில் ஒன்று இருக்கத்தான் செய்தது. குடும்பம், நகராட்சி, அரசுச் சங்கம் என்ற மூன்று வாசல் வழியாக ஆள் எடுத்தார்கள், கட்சிக்கு இடமில்லை.

சி.பி. 1946 ஜனவரியில் கொண்டுவந்த அரசியல் சீர்திருத்தம் இதைவிடச் சாமர்த்தியமானது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. ஆனால் சபை எவ்வளவு கூச்சல் போட்டாலும் திவானை அசைக்க முடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதியைக் காங்கிரஸ் நினைத்தபடி வெளியேற்ற முடிகிறதா என்று கேட்டார். அமெரிக்க ஜனாதிபதியை அமெரிக்கர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற சின்ன வித்தியாசத்தை அவர் சொல்லவில்லை. மக்கள் சொன்னார்கள். ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்று ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர்கள் கோஷம் போட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது கமுகு மரத்தைச் சீவிக் கூராக்கிய வாரிக்குந்தம். 1946 அக்டோபர் 24-ல் புன்னப்ராவிலும், 27-ல் வயலாரிலும் பட்டாளத்தின் துப்பாக்கிக்கு எதிரே அந்தக் கமுகங்கழிகளோடு போனார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது.

அடுத்த ஜூன் 11 அன்று, பிரிட்டிஷார் போன பிறகு திருவிதாங்கூர் தனி நாடு என்று சி.பி. அறிவித்தார். அது எப்படி முடிந்தது என்பது இந்த ஊருக்குத் தெரியும். 1947 ஜூலை 25 இரவு, தைக்காட்டில் சங்கீத அகாடமியில் ஸ்வாதித் திருநாள் விழா. உள்ளே கச்சேரி. சி.பி. எழுந்து வெளியே வரும்போது விளக்கு அணைகிறது. இருட்டில் அரிவாள் வெட்டு, முகத்திலும் கழுத்திலும். கழுத்தைச் சுற்றியிருந்த அங்கவஸ்திரம்தான் உயிரைக் காப்பாற்றியது என்பார்கள். வெட்டியவர் கே.சி.எஸ். மணி, கேரள சோஷலிஸ்ட் கட்சிக்காரர், அம்பலப்புழையில் குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. வெட்டியவரும் ஐயர், வெட்டுப்பட்டவரும் ஐயர். அந்த நாட்களை மலையாளிக்கும் தமிழனுக்கும் நடந்த சண்டை என்று இரண்டு பக்கத்திலும் சிலர் எழுதுகிறார்களே, அவர்கள் இதை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சில நாட்களுக்குள் இந்திய யூனியனில் சேரச் சம்மதம் என்று மன்னரின் செய்தி மவுண்ட்பேட்டனுக்குப் போனது. ஆகஸ்டில் சி.பி. ஊரைவிட்டுப் போனார். செப்டம்பர் 4-ல் பொறுப்பாட்சிப் பிரகடனம். 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமையோடு தேர்தல். மார்ச் 24-ல் பட்டம், கேசவன், வர்கீஸ் ஆகிய மூவர் மந்திரிசபை. தைக்காட்டு அரிவாளுக்கும் மந்திரிசபைக்கும் இடையில் சரியாக எட்டு மாதம். இவ்வளவு வேகம் பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஜெயித்தவர்கள் யாரோடும் உட்கார்ந்து பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்பெயின் நமக்குப் பாடமாகிறது.

பிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று படுக்கையில் இறந்தார். அவரை யாரும் வீழ்த்தவில்லை. இதை மறந்துவிட்டு ஸ்பெயினைப் புரிந்துகொள்ள முடியாது. அவரே 1969-ல் வாரிசாக நியமித்த ஜுவான் கார்லோஸ் இரண்டு நாளில் மன்னரானார். படை, போலீஸ், நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் பழைய ஆட்களிடமே இருந்தன. எதிர்ப்பக்கம் இருந்தவர்களிடம் தெருவும் தொழிற்சாலையும்தான் இருந்தன. யாருக்கும் முழு பலம் இல்லை. அந்தப் பலவீனம்தான் அவர்களை மேசைக்கு இழுத்துவந்தது.

1976 ஜூலையில் மன்னர் பிரதமராக்கியது அடோல்ஃபோ சுவாரெஸ் என்பவரை. பிராங்கோவின் ஒற்றைக் கட்சிக்குப் பொதுச்செயலாளராக இருந்த மனிதர். எதிர்க்கட்சியினர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அந்த மனிதர்தான் நவம்பரில் அரசியல் சீர்திருத்தச் சட்டத்தைப் பிராங்கோவின் நாடாளுமன்றத்திலேயே கொண்டுவந்தார். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வோர் உறுப்பினராக ஆம், இல்லை என்றார்கள். 425 பேர் ஆம். 59 பேர் இல்லை. 13 பேர் எதுவும் சொல்லவில்லை. அந்த 425 பேர் தங்கள் சீட்டைத் தாங்களே கிழித்துக்கொண்டவர்கள். மனச்சாட்சி மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். வரப்போகும் புதிய சபையிலும் இடம் கிடைக்கும் என்ற வாக்குறுதிகள் நடமாடின. எந்தக் காற்று அடிக்கிறது என்று மோப்பம் பிடிப்பதிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். டிசம்பரில் அந்தச் சட்டம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் ஏற்றார்கள்.

கம்யூனிஸ்டுகளை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. படைத்தலைவர்கள் அவர்களை அனுமதிக்கக் கூடாதென்று ஒற்றைக் காலில் நின்றார்கள். 1977 ஜனவரி 24 இரவு, மாட்ரிட்டின் அட்டோச்சா தெருவில் ஒரு தொழிலாளர் சட்ட அலுவலகத்துக்குள் வலதுசாரித் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம். ஒரு கோஷம் இல்லை, ஒரு கல் பறக்கவில்லை. தடைசெய்யப்பட்ட கட்சியின் தொண்டர்களே கைகோத்து நின்று ஒழுங்கு காத்தார்கள். ஏப்ரல் 9 அன்று, புனித சனிக்கிழமை விடுமுறையில் மாட்ரிட்டே காலியாகக் கிடந்தபோது, சுவாரெஸ் கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டபூர்வமாக்கினார். கடற்படை அமைச்சர் ராஜினாமா செய்தார். கட்சித் தலைவர் கரில்லோ தன் பங்குக்குக் குடியரசுக் கொடியை விட்டுக்கொடுத்தார், மன்னரை ஏற்றுக்கொண்டார். நாற்பதாண்டு உழைத்த தோழர்கள் பலர் அழுதார்கள். ஆனால் இந்தப் பேரம் நடந்தது ஜூன் 15 தேர்தலுக்கு முன்னால். யாருக்கு எத்தனை இடம் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் பேசிய பேச்சு அது.

மொழியையும் பிராந்தியத்தையும் அப்படித்தான் கையாண்டார்கள். தமிழர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இது. பிராங்கோ காலத்தில் கட்டலான் மொழிக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லை. கட்டலோனியாவின் தன்னாட்சி அமைப்பான ஜெனராலிட்டாட்டை 1938-லேயே ரத்து செய்துவிட்டார். அதன் தலைவர் பதவி மட்டும் நாடுகடந்து உயிர்வாழ்ந்தது. பிரான்சில் ஒரு கிராமத்தில் தாரடேல்லாஸ் என்ற முதியவர் அந்தப் பதவியை அணையாமல் வைத்திருந்தார். 1977 தேர்தலில் கட்டலோனியாவில் தன்னாட்சி கேட்ட கட்சிகளே வென்றன. சுவாரெஸ் அந்த முதியவரை அழைத்துப் பேசினார். அரசியல் சட்டத்தின் முதல் வரைவுகூட வெளிவருவதற்கு முன்பே, அக்டோபர் 23 அன்று, தாரடேல்லாஸ் பார்சலோனாவுக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். பிராங்கோ ரத்து செய்த அமைப்பைப் பிராங்கோவின் சட்டம் நடப்பில் இருக்கும்போதே உயிர்ப்பித்தார்கள். சட்டப் பண்டிதர்கள் இதை எப்படி நியாயப்படுத்தினார்களோ தெரியாது. அரசியலில் அது கைதேர்ந்த காரியம்.

பிறகு அரசியல் சட்டத்தை வரைய உட்கார்ந்த ஏழு பேரில் இருவர் கட்டலோனியர்: ரோகா, சோலே துரா. சோலே துரா கம்யூனிஸ்ட் வேறு. எதிரே பிராங்கோவின் முன்னாள் மந்திரி ஃப்ராகா. அவர்கள் எழுதிய இரண்டாம் பிரிவு ஸ்பெயின் பிரிக்க முடியாத ஒன்று என்கிறது. அதே மூச்சில், அதனுள் இருக்கும் தேசிய இனங்களுக்கும் பிராந்தியங்களுக்கும் தன்னாட்சி உரிமை உண்டு என்றும் சொல்கிறது. மூன்றாம் பிரிவு மற்ற மொழிகளும் அந்தந்தப் பகுதியில் ஆட்சிமொழி என்கிறது. அழகான வாசகம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தரப்பும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இழுத்தபடி எழுதிய வாசகம், படித்தாலே தெரியும். 1978 டிசம்பர் 6 வாக்கெடுப்பில் மக்கள் அதை ஏற்றார்கள்.

இப்போது தெற்கே வருவோம். நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம். வடக்கே செங்கோட்டை. மலைமேல் தேவிகுளம், பீர்மேடு. அங்கெல்லாம் தமிழ் பேசியவர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று வைத்த கோரிக்கை 1947-ல் திடீரென்று முளைத்ததா என்றால் இல்லை. 1945 டிசம்பரிலேயே நாகர்கோவிலில் அமைப்பு உருவாகி, அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றுவிட்டது. சாம் நத்தானியேல் தொடங்கிவைத்த வேலையை வக்கீல் ஏ. நேசமணி பெரிய இயக்கமாக்கினார். மொழி மட்டுமே அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. விளவங்கோட்டில் நிலம் பெரும்பாலும் ஒரு சாதியிடமும் அதில் உழைப்பு இன்னொரு சாதியிடமும் இருந்தன. பனையேறியவனுக்கும் குத்தகைக்கு உழுதவனுக்கும் தாசில்தார் கச்சேரி, போலீஸ் ஸ்டேஷன், நிலவுடைமை ஆகிய மூன்றும் ஒரே முகமாகத் தெரிந்தன. பொறுப்பாட்சி வந்தபோது அந்த முகம் மாறவில்லை.

பொறுப்பாட்சியின் முதல் தேர்தலிலேயே தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. அந்த ஆண்டில்தான் தேவசகாயம், செல்லையன் என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் அந்தப் பெயர்களை இன்றும் முதல் வரிசையில் சொல்வார்கள். சி.பி.யின் போலீஸ் சுட்டால் அது சர்வாதிகாரம். பொறுப்பாட்சி பிரகடனமான பிறகும் அதே துப்பாக்கி அதே மாதிரி சுட்டால் அதை என்னவென்று சொல்வது? பதினான்கு பேர் ஒரு கோரிக்கையோடு சபைக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அவர்களை அழைத்துப் பேசலாம் என்று மூவர் மந்திரிசபைக்குத் தோன்றவில்லை. அசைக்க முடியாத பெரும்பான்மை கையில் இருந்தது, ஐக்கிய கேரளம் என்ற கனவு கண்ணில் இருந்தது. சபையில் கையைத் தூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும், பேச்சுவார்த்தை எதற்கு?

பட்டம் தாணு பிள்ளையை நான் குறைத்துப் பேச வரவில்லை. 1938-ல் தன் வக்கீல் தொழிலையும் சுகத்தையும் தூக்கியெறிந்தவர், பணம் காசில் கை படாதவர். அதனால்தான் 1954 இவ்வளவு கசக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில், பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குத் திருவிதாங்கூர்-கொச்சி சபையில் 19 பேர்தான் இருந்தும், காங்கிரஸின் ஆதரவில் பட்டம் முதலமைச்சரானார். தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களோடு இருந்தது. ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்துத் தெற்கே ஊர்வலம் போனார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர் எண்ணிக்கை அரசுக் கணக்கில் ஒரு விதம், ஊர்க் கணக்கில் வேறு விதம். புதுக்கடையில் நினைவுத் தூண் இருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம். ஆனாலும் இந்த ஊர் மேடைகளில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

ஒருவர் மட்டும் உடனே எழுந்தார், அவர் தமிழரும் அல்ல, மலையாளியும் அல்ல. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது அலகாபாத் நைனி சிறையில் இருந்தார். அங்கிருந்தே தந்தி கொடுத்தார்: மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும், நீதி விசாரணை நடக்க வேண்டும். மக்களைச் சுடும் அரசாங்கம் சோஷலிஸ்ட் அரசாங்கமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். அப்போது இந்தியாவில் அந்தக் கட்சி நடத்திய ஒரே அரசாங்கம் அதுதான் என்பதை நினைவில் வையுங்கள். பட்டம் மறுத்தார். கட்சி இரண்டு கூறாயிற்று. லோகியா வெளியேறித் தனிக் கட்சி கண்டார். 1955 பிப்ரவரியில் பட்டம் மந்திரிசபை கவிழ்ந்தது. ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில் முடித்திருக்க வேண்டியதைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் டெல்லியிலிருந்து மாநில மறுசீரமைப்புக்கான ஃபசல் அலி கமிஷன் வந்து கோடு கிழித்துக் கொடுத்தது. 1956 நவம்பர் 1-ல் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றன.

கோடு கிழித்த விதத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு இந்த ஊருக்கு வருகிறார்கள். களியக்காவிளையில் ஒரு மாநிலப் போலீஸ் மரியாதை செலுத்தி அனுப்ப, மறு மாநிலப் போலீஸ் மரியாதை செலுத்தி வரவேற்கிறது.

ஸ்பெயினை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவதாக நினைக்க வேண்டாம். அவர்கள் பேசாமல் விட்டதும் பெரிது. 1977 அக்டோபர் பொதுமன்னிப்புச் சட்டம் சிறையில் இருந்த எதிர்ப்பாளர்களை விடுவித்தது. கூடவே சித்திரவதை செய்த போலீஸ்காரனையும் கொலைக்கு உத்தரவிட்ட அதிகாரியையும் கரையேற்றியது. சாலையோரப் பள்ளங்களில் புதைந்தவர்களைப் பேரப்பிள்ளைகள் தோண்டி எடுக்க ஆரம்பித்தபோது நூற்றாண்டே மாறிவிட்டது. வரலாற்று நினைவுச் சட்டம் 2007-ல்தான் வந்தது. பிராங்கோவின் உடலை அவருடைய பிரம்மாண்டச் சமாதியிலிருந்து எடுத்தது 2019 அக்டோபர் 24-ல். இங்கும் புன்னப்ரா-வயலாரை விடுதலைப் போராட்டம் என்று மத்திய அரசு ஒப்புக்கொள்ள 1998 வரை ஆனது. பாஸ்க் நாட்டிலோ அரசியல் சட்ட வாக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் கலந்துகொள்ளவே இல்லை. அங்கே பாஸ்க் தனிநாடு கேட்ட எட்டா இயக்கத்தின் துப்பாக்கி மக்களாட்சி வந்த பிறகுதான் அதிகம் கொன்றது.

1981 பிப்ரவரி 23-ல் தெஹேரோ என்ற காவல்படை லெப்டினன்ட் கர்னல் கைத்துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து கூரையில் சுட்டதையும், எல்லோரும் தரையில் படுக்கச் சுவாரெஸ், முதிய தளபதி குத்தியெரெஸ் மெல்லாதோ, கம்யூனிஸ்ட் கரில்லோ ஆகிய மூவர் மட்டும் பணிய மறுத்ததையும் படம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நள்ளிரவு தாண்டி மன்னர் தொலைக்காட்சியில் தோன்றிப் படையைத் தடுத்தார். அதன்பின் மக்களாட்சி மன்னர் கொடுத்த கொடை என்ற பேச்சு ஸ்பெயினில் நெடுநாள் நடந்தது. இங்கும் 1947 செப்டம்பர் பிரகடனத்தை மன்னர் தந்தருளியதாகச் சொல்லும் நல்லவர்கள் இருக்கிறார்கள். நெய்யாற்றின்கரையும் வயலாரும் தைக்காடும் இல்லாமல் அந்தப் பிரகடனம் எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அட்டோச்சா ஊர்வலத்தில் வாய்மூடி நடந்தவர்கள் இல்லாமல் ஜுவான் கார்லோஸும் இல்லை.

இன்னொரு கேள்வி எழும், நியாயமான கேள்வி. பேசி முடித்த ஸ்பெயினில் 2017 அக்டோபர் 1 அன்று கட்டலோனியர் தனிநாட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள். போலீஸ் தடியால் அடித்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 2024-ல் அதற்கும் ஒரு பொதுமன்னிப்புச் சட்டம். இங்கே பேசாமல் விட்டு, சுட்டு, கடைசியில் கோடு போட்டுப் பிரித்த பிறகு குமரி மாவட்டம் அமைதியாகத்தானே இருக்கிறது? அப்படியானால் எந்த வழி நல்ல வழி? கோடு போட முடிந்த இடத்தில் கோடு உதவியது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களைக் கோடு கவனிப்பதில்லை. மூணாறு தேயிலைத் தோட்டத்திலும், சித்தூர் வயல்களிலும், இந்த நகரத்தின் சாலைக் கம்போளத்திலும் இருக்கும் தமிழருக்கு 1956 எதையும் தீர்த்துவைக்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது சட்டத்தின் சின்னச் சின்ன வாசகங்கள்தான். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுதிக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று இங்கிருப்பவர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். நான் மனு எழுதினால் மலையாளத்தில்தான் எழுதுகிறேன்; வேலை சீக்கிரம் நடக்கும் என்பதால்.

2021 மே மாதம் தேவிகுளத்திலிருந்து வென்ற ஏ. ராஜா கேரளச் சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். படித்த தமிழ் வாசகத்தில், கடவுள் பெயரால் என்றோ உளமார என்றோ இருக்க வேண்டிய சொற்கள் விடுபட்டிருந்தது பிறகு தெரியவந்தது. ஜூன் முதல் வாரம் மறுபடி எழுந்து, திருத்திய வாசகத்தைத் தமிழிலேயே படித்து உறுப்பினரானார். ஸ்பெயினில் கட்டலான், பாஸ்க், கலீசிய மொழிகளில் நாடாளுமன்றத்தில் பேச அனுமதி கிடைத்தது 2023 செப்டம்பரில். அன்று வலதுசாரி வாக்ஸ் கட்சி உறுப்பினர்கள் மொழிபெயர்ப்புக் காதுக்கருவிகளைக் கழற்றிப் பிரதமரின் காலி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போனார்கள். சபை தொடர்ந்து நடந்தது.